விரலை இறுக்கும் கட்டு

மார்கழி விடியலில் ஏற்காடு மலை பனிமூட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறி வரும் அன்பர்களை முதலில் எதிர்கொள்வது குளிர்தான். காப்பிச் செடிகளில் பழம் பறிக்கும் பருவம் அது. ஏரியிலிருந்து வழிந்தோடும் நீர் கிளியூரில் அருவியாக விழும். அந்தக் கிளியூரில் ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். அங்கே 70 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், நீராடி முடித்து, நைவேத்தியப் பொங்கலுக்கு வேண்டியவற்றை அரிவாள்மனையில் நறுக்கிக் கொண்டிருக்கிறார். குளிரில் விறைத்த கை சற்றே நழுவ, இடக்கைச் சுட்டுவிரலில் வெட்டு விழுகிறது.

இதய நோய்க்காக, இரத்தம் எளிதில் உறையாதிருக்கும் மாத்திரை உண்பவர் அவர். ஆகையால் இரத்தம் விரைவில் நிற்கவில்லை. பூசைக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் காப்பித்தூளை அள்ளி அப்புகிறார். பழைய வேட்டிக் கிழிசலை நனைத்து நாலைந்து சுற்றுச் சுற்றுகிறார். பூத்தொடுக்க வைத்திருந்த நூலை எடுத்துப் பல்லால் இழுத்து இறுக முடிச்சிடுகிறார். இரத்தம் நின்றுவிடுகிறது, பூசையும் தடையின்றி நடந்தேறுகிறது.

பின்னர் கம்பளிக் கையுறை அணிந்துகொண்டு, வெளியூரிலிருந்து வந்த மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும், மலையுச்சியில் குகைக்குள் எழுந்தருளியிருக்கும் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் தரிசிக்கப் புறப்படுகிறார். வழியெல்லாம் விரல் விண்விண்ணென்று தெறிக்கிறது. சொன்னால் பிள்ளைகளின் பயணம் கெடும் என்று வாய் திறக்கவில்லை. மாலையில் வலி நின்றுவிடுகிறது. சாமி புண்ணியத்தில் குணமாயிற்று என்று நிம்மதியாக உறங்கப் போகிறார். உண்மையில் விரல் குணமாகவில்லை, மரத்துப் போயிருக்கிறது.

இக்காட்சி கற்பனையே. ஆயினும் இதில் அம்மூதாட்டி செய்த ஒவ்வொன்றும் நம் இல்லங்களில் அன்றாடம் நிகழ்வதுதான். வெட்டுக்காயம் சிறிது, ஆறக்கூடியது. அதன்மேல் இட்ட கட்டு இறுகினால் விரலையே இழக்க நேரிடலாம் என்பது பலர் அறியாத செய்தி.

கட்டு இறுகினால் நேர்வது என்ன?

ஒவ்வொரு விரலிலும் இரண்டு பக்கங்களிலும் மெல்லிய தமனிகள் ஓடுகின்றன. இதயத்திலிருந்து வரும் இரத்தத்தை விரல்நுனிக்குக் கொண்டு சேர்ப்பவை அவையே. அந்த இரத்தத்தைத் திரும்பக் கொண்டு செல்பவை சிரைகள். சிரைகளில் ஓடும் இரத்தத்துக்கு அழுத்தம் குறைவு. ஆகவே மிதமான இறுக்கத்திலேயே அவை நசுங்கிவிடும். தமனிகளோ அவ்வளவு எளிதில் அடைபடா. இதனால், கட்டு ஓரளவு இறுகியிருக்கும்போது இரத்தம் விரலுக்குள் வந்துகொண்டேயிருக்கும். வெளியேற மட்டும் வழியிராது. விரல் வீங்கும். வீங்க வீங்க, அதே கட்டு மேலும் இறுக்கிப் பிடிக்கும். முடிவில் தமனிகளும் அடைபட்டு, விரல்நுனி உயிர்க்காற்று கிடைக்காமல் தவிக்கத் தொடங்கும். முதலில் வலி, பிறகு நிறமாற்றம், பிறகு குளிர்ச்சி, பிறகு மரத்துப்போதல் என்று அத்துன்பம் வளரும். மணிக்கணக்கில் அப்படியே விடப்பட்டால் சதை அழுகத் தொடங்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கட்டும்போது இறுக்கமாகத் தோன்றாத கட்டும் பிற்பாடு இறுகக்கூடும். காயம் பட்ட இடம் முதல் ஓரிரு நாள்களில் இயல்பாகவே வீங்கும். காலையில் அளவாக இருந்த கட்டு இரவில் பிடிப்பாகிவிடும். நனைந்த துணியும் இரத்தம் ஊறிய துணியும் காயும்போது விறைத்து, விரலைச் சுற்றி ஒரு வளையம்போல ஆகிவிடும். கையை நெடுநேரம் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தாலும் வீக்கம் மிகும். மலைக்குளிரோ விரலின் இரத்தக் குழாய்களைத் தானே சுருங்கச் செய்கிறது. கிளியூர் மூதாட்டியின் விரலில் இத்தனையும் ஒன்றுசேர்ந்தன. போதாக்குறைக்கு, கையுறை அதைக் கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டது.

இறுகிய கட்டின் தீமையை மருத்துவ உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருக்கிறது. ஜெர்மனி நாட்டு அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபான் ஃபோல்க்மன், எலும்பு முறிவுக்கு இறுகக் கட்டுப் போட்ட பின் கை மடங்கி விறைத்துப்போவதற்குக் காரணம், தசைகளுக்கு இரத்தம் செல்லாமையே என்று 1881-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அக்குறைபாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அண்மைக் காலத்திலும், விரலில் அறுவை செய்யும்போது இரத்தத்தை நிறுத்துவதற்காக அடிவிரலில் மாட்டும் பட்டையைக் கழற்ற மறந்து அதன்மேல் கட்டுப் போட்டுவிடும் ஆபத்தைக் குறித்து, இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு 2009-இல் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. பயிற்சி பெற்றவர்களே மறக்கக்கூடிய ஒன்று என்றால், அவசரத்தில் கட்டும் நம்மவர் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டாமா?

வலி என்னும் காவலாளி

அறப்பளீசுவரர் கோயில் கொண்டிருக்கும் கொல்லிமலையை அன்பர்கள் அறிவார்கள். சேர்வராயன் மலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த அந்தக் கொல்லிமலையில் 1914-இல், கிறித்துவ மதப்பணிக்கு வந்திருந்த ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற அவர், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளர்களின் விரல்கள் ஏன் தேய்ந்து குறைகின்றன என்ற கேள்வி அவரை வாட்டியது. நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்பதுதான் அந்நாளில் பலரும் கொண்டிருந்த எண்ணம். பிராண்ட் நோயாளர்களின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கினார். நோய் நரம்புகளைத் தாக்கி உணர்வைப் போக்கிவிடுகிறது; வலி தெரியாமையால் அவர்கள் சுடுபாத்திரத்தைப் பற்றுகிறார்கள், புண்ணோடு வேலை செய்கிறார்கள், உறங்கும்போது எலி கடித்தாலும் அறியாதிருக்கிறார்கள். இவ்வாறு உணரப்படாத சிறு காயங்களே விரல்களைக் கொண்டுபோயின என்று அவர் கண்டறிந்தார். வலியை உடலின் காவலாளியாகவும், ஒரு கொடையாகவும் கருதும்படி அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதங்களைக் காப்பதற்கும் இதே அறிவைப் பயன்படுத்தினார்.

அவர் கண்ட உண்மை நம் மூத்தோருக்கு நேராகப் பொருந்துவது. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால்களைப் போலவே கைவிரல்களிலும் உணர்வு மங்கக்கூடும். கட்டு இறுகினாலும் காவலாளி குரல் கொடுக்க மாட்டான். இரத்தக் குழாய்கள் குறுகியவர்களுக்கும், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் விரல்நுனிக்குச் செல்லும் இரத்தம் முன்பே குறைவு. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் கைகளைக் குளிரச் செய்வதுண்டு. அதற்காக மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்திவிடக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களோ, இரத்தம் நிற்கவில்லையே என்று மற்றவர்களைவிட இறுக்கமாகக் கட்டிவிடுகிறார்கள். இத்தகையோர் வலியை மட்டும் நம்பியிராமல் கண்ணாலும் விரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்வதே பக்தி என்று எண்ணுவோரும் உண்டு. இறைவனின் திருக்கண்ணில் குருதி வடிவதைக் கண்ட கண்ணப்பர் முதலில் என்ன செய்தார் என்பதை அவர்கள் நினைவுகூர வேண்டும். வேடர்கள் அம்புக் காயத்துக்கு இடும் பச்சிலையைத் தேடி ஓடினார். அதைப் பிழிந்து வார்த்தார். தம் கண்ணை ஈந்தது அம்மருந்து பயன்படாமற்போன பிறகே. உற்ற மருந்தை உற்ற நேரத்தில் நாடுவது பக்திக்குக் குறைவாகாது.

முறையாகக் கட்டும் விதம்

விரலில் வெட்டுப் பட்டால் முதலில் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழற்றுவது அரிது. ஓடும் தூய நீரில் காயத்தைக் கழுவ வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதையும் அப்பலாகாது. அவை காயத்தில் அழுக்கைச் சேர்ப்பதோடு, மருத்துவர் புண்ணைப் பார்ப்பதையும் கடினமாக்குகின்றன. பின்னர்த் தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, மற்றக் கையின் விரல்களால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இடையிடையே திறந்து பாராமல் 10 நிமிடம் அழுத்தினால் பெரும்பாலான சிறு காயங்களில் இரத்தம் நின்றுவிடும். இரத்தத்தை நிறுத்த வேண்டியது அழுத்திப் பிடிக்கும் கைதான். அப்பொறுப்பைக் கட்டின்மேல் சுமத்தும்போதுதான் அது இறுகிப்போகிறது. விரலின் அடியில் நூலாலோ ரப்பர் வளையத்தாலோ கட்டவே கூடாது. அழுத்தியும் இரத்தம் நில்லாவிடில், அழுத்தியபடியே மருத்துவமனைக்குச் செல்வதுதான் முறை. வெட்டு ஆழமாக இருந்தாலும், விரலை மடக்க நீட்ட முடியாவிட்டாலும் அவ்வாறே. தனுர்வாத ஊசி தேவையா என்பதையும் மருத்துவர் சொல்வார்.

இரத்தம் நின்ற பிறகு இடும் கட்டுக்கு வேலை, காயத்தின்மேல் உள்ள துணி நகராமல் வைத்திருப்பதும் அழுக்குப் படாமல் காப்பதும் மட்டுமே. உலர்ந்த காஸ் துணியைச் சாய்வாக, இழுக்காமல் சுற்ற வேண்டும். நகமும் விரல்நுனியும் வெளியே தெரியும்படி விட்டுவிட வேண்டும். பிளாஸ்திரியை விரலைச் சுற்றி முழு வளையமாக ஒட்டாமல், நீளவாக்கிலோ சாய்வாகவோ ஒட்டுவது நல்லது. இழுத்தால் நீளும் எலாஸ்டிக் பட்டைகளை விரலுக்குப் பயன்படுத்தலாகாது. கட்டு நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும்; நனையாவிட்டாலும் நாள்தோறும் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். மருத்துவரே இட்ட கட்டாயின், எப்போது அவிழ்ப்பது என்று அவரைக் கேட்டறிய வேண்டும். அதுவும் பிடிப்பாகத் தோன்றினால், சொன்ன நாள் வரும்வரை காத்திராமல் அன்றே போய்க் காட்ட வேண்டும்.

நகம் சொல்லும் செய்தி

கட்டிய கால் மணி நேரத்துக்குப் பின் ஒருமுறையும், பிறகு பகலில் சிலமுறையும், உறங்கப் போகுமுன் தவறாமல் ஒருமுறையும் விரலைச் சோதிக்க வேண்டும். விரல்நுனியின் நகத்தை மெல்ல அழுத்தினால் அது வெளுக்கும். விட்டதும் ஏறத்தாழ இரண்டு விநாடிகளுக்குள் பழைய இளஞ்சிவப்பு நிறம் திரும்ப வேண்டும். முதுமையிலும் குளிரிலும் இது சற்றுத் தாமதமாகலாம். ஆகவே மற்றக் கையில் உள்ள அதே விரலையும் அழுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். கண்பார்வை குறைந்தவர்கள் வீட்டில் உள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம்.

விரல்நுனி வெளிறியோ நீலம் பாரித்தோ கருத்தோ தோன்றினாலும், மற்ற விரல்களைவிடக் குளிர்ந்திருந்தாலும், கட்டுக்கு அப்பால் வீங்கியிருந்தாலும், ஊசி குத்துவது போலவோ மரத்தது போலவோ இருந்தாலும், குறைய வேண்டிய வலி நேரம் ஆக ஆகக் கூடினாலும், கட்டை அக்கணமே அவிழ்த்துவிட வேண்டும். நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. துணி ஒட்டிக்கொண்டிருந்தால் தூய நீரால் நனைத்து, காயமில்லாத பக்கமாகக் கத்தரித்து எடுக்கலாம். மீண்டும் இரத்தம் கசிந்தால் முன்சொன்னபடி கையால் அழுத்திப் பிடித்தால் போதும்.

அவிழ்த்ததும் விரல் சிவந்து, சுருசுருவென்று வலியோடு உணர்வு திரும்புவது நல்ல அறிகுறி. வீங்கியிருந்தால் கையை நெஞ்சளவுக்கு உயர்த்தித் தலையணைமேல் வைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் முக்குதல், நெருப்பில் காட்டுதல், தைலம் தேய்த்து உருவுதல் ஆகியவை வேண்டா. உணர்வு மங்கிய விரலில் சூடு பட்டாலும் தெரியாது. கால் மணி நேரத்துக்குள் நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால், அல்லது கருமை, கொப்புளம், தீய நாற்றம் ஏதேனும் காணப்பட்டால், தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மலையில் வாழ்வோரும் மலைக்கு யாத்திரை வந்தோரும் இறங்கிச் செல்ல ஆகும் நேரத்தையும் கணக்கில் கொண்டு முன்கூட்டியே புறப்படுவது அறிவுடைமை.

கயிறும் மோதிரமும்

காயக்கட்டுக்குச் சொன்னது மற்றக் கட்டுகளுக்கும் பொருந்தும். கைகால் வீங்கும் இயல்புடைய முதியோர் மணிக்கட்டில் கட்டும் நேர்த்திக் கயிற்றின் உள்ளே ஒரு விரல் தாராளமாக நுழைய இடமிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கழற்றாத மோதிரம், உடல் பருத்தபோதோ மூட்டு வீங்கியபோதோ விரலைக் கவ்விக்கொள்ளும். சோப்பு நீரோ எண்ணெயோ தடவியும் வராவிட்டால் வெட்டி எடுக்கத் தயங்கக் கூடாது. மருத்துவமனையிலும் தீயணைப்பு நிலையத்திலும் அவ்வுதவி கிடைக்கிறது. பொன்னைப் பிறகு உருக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமார் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். தாயின் தலைமுடி ஓர் இழையோ, காலுறையில் பிரிந்த நூலோ பச்சிளங் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு சதைக்குள் புதைந்துவிடுவதுண்டு. பால் குடித்தும், துணி மாற்றியும் குழந்தை ஓயாமல் அழுதால், கைவிரல்களையும் கால்விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். கண்ணேறு படாதிருக்கக் கட்டும் கறுப்புக் கயிற்றையும் குழந்தை வளர வளரத் தளர்த்த வேண்டும்.

தோட்டங்கள் நிறைந்த மலைப்பகுதிகளில் பாம்புக்கடிக்கு இறுகக் கயிறு கட்டும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. அது உயிரைக் காப்பதற்கு மாறாக உறுப்பைக் கெடுக்கும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதனை வேண்டாம் என்கிறது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மாற்று மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்வதே வழி.

அவிழ்ப்பதற்கும் ஒரு முறை

நம் சமயம் கட்டுவதற்கு முறை வகுத்ததைப் போலவே அவிழ்ப்பதற்கும் முறை வகுத்திருக்கிறது. வைதிகச் சடங்கின்போது மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் அணிவர். சடங்கு நிறைவுற்றதும் அதை முடிச்சவிழ்த்து விடுவர். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவர். விழா முடிந்ததும் காப்பு அவிழ்ப்பர். எடுத்த செயல் நிறைவேறியதும் கட்டும் களையப்பட வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் பொருள். விரலில் இடும் கட்டுக்கும் அதே முறை போதும்.

கிளியூர் மூதாட்டியிடம் மீண்டும் வரலாம். அன்றிரவு அவர் படுக்கப் போகுமுன் பேத்தி அருகில் வந்து, "அப்பாயி, கையுறையைக் கழற்றுங்க, விரலைப் பார்க்கணும்" என்கிறாள் என்று கொள்வோம். விளக்கொளியில் நீலம் பாரித்த நுனியைக் கண்டு, நூலை நறுக்கித் துணியை மெல்லப் பிரிக்கிறாள். சிறிது நேரத்தில் விரல் சிவந்து, நின்றுபோன வலி திரும்பி வருகிறது. மூதாட்டி முகம் சுளிக்கிறார். பேத்தியின் முகத்திலோ நிம்மதி. மறுநாள் காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு வருகிறார்கள்.

அடுத்த வெள்ளியன்று அந்த விரல் மீண்டும் பூத்தொடுக்கும். திருநீறு எடுப்பதும், துளசி கிள்ளுவதும், செபமாலை உருட்டுவதும் விரல்களே. இறைவன் தந்த அந்தப் பத்துப் பணியாளர்களையும் இரவு உறங்கப் போகுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது, காயம்பட்ட நாளில் ஒவ்வொரு வீட்டிலும் தவறாமல் நடக்கட்டும்.